நல்ல சானலா ஒண்ணு சொல்லுங்க

திட்டக்குடிக்கு அந்தக் காலத்தில் அறிவியல் விருத்தாசலத்திலிருந்து பேருந்தில் வந்தது. கூரைமேல் கட்டிவந்த பத்திரிகைக் கட்டு, காய்கறி மூட்டைகளோடு நிலையத்தில் இறங்கும். பிரித்தால் ஜூனியர் விகடன், அதற்குள் சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால் பெஞ்சின் மேல் ஏற்றுவார்கள். அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பதில் சொல்லுவார். யாரோ கேட்ட கேள்விக்கு எழுதிய பதில்தான். இருந்தாலும் எங்கள் பெயருக்கே வந்ததாக வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நின்றபடி படித்துவிட்டு, காசு கொடுக்காமல் மடித்து வைத்துவிட்டு வருவோம்.

சிபாரிசு அப்போது வேலைக்குத்தான் தேவைப்பட்டது. எதைப் படிப்பது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. இருந்ததே அவ்வளவுதான். கிளை நூலகத்தில் கோயம்புத்தூரிலிருந்து வரும் கலைக்கதிர், மணவை முஸ்தபா ஆசிரியராக இருந்த யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பு, 1987-க்குப் பிறகு தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர். கூரியரில் ஒரு மாதம் முழுக்க ஒரே பொருளைப் பற்றியே பேசுவார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அட்டை முதல் அட்டை வரை படித்தோம். இன்றைக்கு ‘ஆழமான உள்ளடக்கம்’ என்று தேடுகிறார்களே, அது எங்களுக்குக் கிடைத்தது வேறு புத்தகம் கிடைக்காததால்.

எப்போதாவது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் வந்து நிற்கும். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, சினிமாவுக்கு வைத்திருந்த காசில் வாங்கிவிடக்கூடிய விலை. பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ அப்படித்தான் என் கைக்கு வந்தது. வேகவைத்த முட்டையையும் பச்சை முட்டையையும் உடைக்காமல் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் ஒரு பகுதி உண்டு. மேசைமேல் வைத்துச் சுழற்ற வேண்டும். வெந்தது ஒரே கட்டியாக விறுவிறுவென்று சுற்றும். பச்சை முட்டைக்குள் இருக்கும் குழம்பு ஓட்டோடு சேர்ந்து சுற்றாமல் பின்தங்குவதால் சீக்கிரமே தள்ளாடி நின்றுவிடும். எங்கள் வீட்டில் முட்டை வாங்குவதில்லை. டீக்கடையில் வைத்துச் சோதித்தேன். பௌதிகம் ஜெயித்தது. டீக்கடைக்காரர் இரண்டு முட்டைக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

நான் படித்தது பி.காம்., அதுவும் விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரியில். பிழைப்பு கூட்டுறவு சங்கத்துக் கணக்கு. அறிவியலுக்கும் எனக்கும் ஊரறிய எந்த உறவும் இல்லை. இருந்தும் குடும்பத்தில் ‘சயின்ஸ் மாமா’ என்ற பெயர் எனக்கு விழுந்ததற்கு அந்த வேனும், கடைத்தெருவில் இருந்த ரேடியோ மெக்கானிக்கும்தான் பொறுப்பு.

மெக்கானிக் அண்ணன் வால்வு செட்டும் பார்ப்பார், டிரான்சிஸ்டரும் பார்ப்பார். ஈயப் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு அவர் செய்த ஒரே பரிந்துரை இதுதான்: “ராத்திரி பத்து மணிக்கு மேல போட்டுப் பாரு தம்பி. பகல்ல சூரியன் அலைய முழுங்கிடும்.” போட்டுப் பார்த்தேன். பகலில் திருச்சியும் புதுச்சேரியும் மட்டும் பேசிய பெட்டியில் இரவில் இலங்கை கணீரென்று வந்தது. அதற்கும் அப்பாலிருந்து பாஷை தெரியாத நிலையங்கள் எல்லாம் வந்தன. ஏன் என்று பல காலம் கழித்துக் கைப்பேசியில் ஒரு ஆங்கிலக் காணொளி படம் வரைந்து காட்டியது. சூரிய ஒளியால் பகலில் வளிமண்டலத்தின் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்று உருவாகி மத்திய அலையை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. அலை அதற்கும் மேலே இருக்கிற அடுக்கு வரை போய், அங்கிருந்து வளைந்து திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. அருமையான காணொளி. நடுவில் இரண்டு விளம்பரம், கடைசியில் ஒரு சந்தா வேண்டுகோள். அண்ணன் இதையே ஒரு வரியில் சொல்லிவிட்டு, பேட்டரிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

வானொலி பரிந்துரைத்து ஊரே கேட்ட கதை அதற்கும் முந்தியது, எங்கள் அப்பா காலத்தது. 1966 வாக்கில் ஆல் இந்தியா ரேடியோ உழவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது திருச்சி நிலையமும் அதில் இருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏடிடி 27, ஜப்பானிய நெல்லையும் நம்மூர் நெல்லையும் சேர்த்து உருவாக்கிய குறுகிய வயது ரகம். அதை எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் போடுவது, பூச்சிக்கு என்ன அடிப்பது என்று நாள் தவறாமல் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரப்பினார்கள். உழவர்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். ஒரு ஒலிபரப்புக்கு இதைவிடப் பெரிய சந்தாதாரர் கணக்கு எனக்குத் தெரிந்து கிடையாது. அதிலும் அந்தச் சந்தாதாரர்கள் மணியை அழுத்திவிட்டுப் போனவர்கள் இல்லை. ஒரு போகத்தையே பந்தயம் கட்டியவர்கள். விளையாமல் போனால் திருச்சிக்குப் போய்ச் சண்டை போட முடியாது. “ரேடியோவுல சொன்னாங்கன்னு நீதான சொன்ன” என்று, ரேடியோ வைத்திருந்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ இருந்தது. அப்பா எதையும் பரிந்துரைப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விழப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அது ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம் விழுந்து முடியும்வரை, நம் வெள்ளாற்றில்தான் விழும் என்று அடித்துச் சொன்னவர்கள் ஊரில் இருந்தார்கள். சாவதற்குள் தின்றுவிடுவோம் என்று கோழி அடித்த வீடுகள் உண்டு. மறுநாள் காலையில் கோழி போன துக்கத்தைத்தான் அதிகம் பார்த்தோம். வதந்திக்கு இணையம் தேவைப்பட்டதே இல்லை. டீக்கடை பெஞ்சு போதுமானதாக இருந்தது.

தொலைக்காட்சி வந்தது. 1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ‘நாடு தழுவிய வகுப்பறை’ என்று தூர்தர்ஷனில் தொடங்கியது. மத்தியான வேளையில் ஆங்கிலத்தில் வரும். ஒரு பேராசிரியர் பவளப் பாறையைப் பற்றியோ பாலிமரைப் பற்றியோ கேமராவைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு பேசுவார். டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் நாங்களும் இரண்டு ஆடுகளும் கேட்டுக்கொண்டிருப்போம். எங்கள் காத்திருப்பு வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நிகழ்ச்சிக்கு. அதுவரை பெட்டி அணையக் கூடாது என்பதற்காகப் பாலிமரைப் பொறுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ல் சாகனின் ‘காஸ்மாஸ்’ வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதில் நடந்த வேடிக்கையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பத்தாவது பகுதியில் பிரபஞ்சத்தின் தோற்றத்தைச் சொல்ல வந்த சாகன் நேராகத் தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறார். பொங்கல் கொண்டாட்டம், தாராசுரம் கோயில், சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி. பிரபஞ்சம் தோன்றி, ஒடுங்கி, மறுபடி தோன்றும் என்ற கருத்தை அந்த ஆடலோடு சேர்த்துச் சொல்கிறார். திட்டக்குடியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் அரைநாளில் தாராசுரம் போய்த் திரும்பலாம். நடராசரோ எங்கள் மாவட்டத்துக்காரர், சிதம்பரத்தில் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்து, டெல்லி வழியாக எங்கள் திண்ணைக்கு அனுப்பினார். அந்தப் பகுதியன்று எங்கள் தெருவில் கரண்டு இல்லை. பெருவெடிப்பை நான் பார்த்தது கைப்பேசி வந்த பிறகுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கலில் ஒரு கிழவியைக் காட்டினார்கள். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “யாரு, நம்ம ஊரு ஜாடையா இருக்கு?” என்றாள். அதோடு பிரபஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006-க்குப் பிறகு அரசாங்கம் வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-க்குப் பிறகு பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. டிஸ்கவரி தமிழ் பேச ஆரம்பித்தது. பியர் கிரில்ஸ் பூச்சியைத் தின்றுகொண்டே நல்ல தமிழில் புரதச் சத்தைப் பற்றிச் சொன்னார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அன்றிலிருந்து திட்டக்குடியில் எவருக்கும் படிக்கவோ பார்க்கவோ ஒன்றுமில்லை என்று சொல்ல வாய்ப்பில்லை. எல்லாமே இருக்கிறது. ஆகவேதான் எல்லோரும் கேட்கிறார்கள்: என்ன பார்ப்பது?

என்னிடம் முதலில் கேட்டவன் அக்கா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. “மாமா, ரீல்ஸ் பாத்துப் பாத்து மண்டை காயுது. சயின்ஸு, டெக்னாலஜி, யாரும் பேசாத சப்ஜெக்டா எடுத்து நல்லா ஆழமா பேசுற சானலா ஒண்ணு சொல்லுங்க.”

ஒன்று என்றுதான் கேட்டான். ஓய்வுபெற்ற கணக்கனிடம் ஒன்றோடு நிற்குமா? பழைய பேரேட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, படம் பிடித்து, குடும்பத்து வாட்ஸாப் குழுவில் போட்டேன்.

முதலில் எழுதியது டெக்சாஸ்காரர் கிரேடி ஹில்ஹவுஸ் நடத்தும் ‘பிராக்டிகல் எஞ்சினியரிங்’. அணை, மதகு, பாலம், சாக்கடை என்று நாம் காலடியில் மிதித்துக்கொண்டு போகிற விஷயங்கள்தான் அவர் பாடம். கண்ணாடித் தொட்டியில் மணலைக் கொட்டி, கலர்த் தண்ணீர் விட்டு, ஒரு மண்கரைக்கு அடியில் தண்ணீர் எப்படிப் புகுந்து, மண்ணைத் துகள் துகளாகக் கரைத்து, உள்ளே குழாய் போலத் துளை போட்டு, ஒருநாள் கரையையே சாய்க்கிறது என்று காட்டுவார். எங்களுக்கு இது தூரத்துச் சங்கதியா? கீழச்செருவாயில் வெலிங்டன் ஏரி இருக்கிறது. 1923-ல் கட்டி முடித்தது. வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூர் அணைக்கட்டில் திருப்பிக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். முழு மட்டம் 29.72 அடி. கரைக்கு அடியில் களிமண், அந்தக் கரை உள்வாங்கியதும் சரிசெய்ததும் மறுபடி உள்வாங்கியதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மனப்பாடம். டெக்சாஸ் தொட்டியைப் பார்த்தபோதுதான், அங்கே கரைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குப் படமாகத் தெரிந்தது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு அந்தக் காணொளியைத் தனியாக அனுப்பினேன். பதில் குரல்பதிவாக வந்தது: “ஏரித் தண்ணி எப்பத் தொறப்பாங்கன்னு அந்தாளு சொல்றாராடா?”

இரண்டாவது ‘ஏசியனோமெட்ரி’. தைவானில் உட்கார்ந்துகொண்டு சில்லுத் தொழிலின் கதையைச் சொல்கிறவர். இசை கிடையாது, துள்ளல் கிடையாது, ஊராட்சித் தீர்மானம் வாசிக்கிற குரல். ஆனால் சொல்வதைக் கேட்டால் தலை சுற்றும். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்யும் எந்திரத்தில் உருகிய தகரத்துளிகள் ஒரு நொடிக்கு ஐம்பதாயிரம் விழுகின்றன. ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து ஆவியாக்கி, 13.5 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி எடுத்து, அதை வைத்துச் சில்லின் மேல் கோடு போடுகிறார்கள். அக்கா மகன் வேலையே அந்தச் சில்லின் மேல்தான் நடக்கிறது. “வாய்ஸ் தூக்கம் வருது மாமா. ஆனா ராத்திரிக்கு நல்லா இருக்கு, போட்டுட்டுப் படுத்துடறேன்” என்றான். அவன் மட்டுமில்லை, தங்கச்சி மகளும் தூக்கத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறாளாம். பரிந்துரை வீண் போகவில்லை.

மூன்றாவதுக்கு வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு. ‘டெக்னாலஜி கனெக்ஷன்ஸ்’ என்று அமெரிக்காவில் அலெக் வாட்சன் நடத்துவது. ரொட்டி வாட்டும் பழைய பெட்டி, தெருவிளக்கு, ஃப்ரிட்ஜ் என்று வீட்டுச் சாமானாக எடுத்துவைத்துக்கொண்டு கழற்றுகிறவர். ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. சோறு வெந்துவிட்டது என்று குக்கருக்கு எப்படித் தெரிகிறது? பாத்திரத்துக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் வற்றியதும் சூடு ஏறும். ஒரு அளவைத் தாண்டியதும் அந்தக் காந்தத்தின் இழுப்பு போய்விடும். ஸ்பிரிங் தள்ள, ஸ்விட்ச் ‘டக்’கென்று விழும். மூளை இல்லை, சில்லு இல்லை, எதையும் எண்ணுவதுமில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கடைசிவரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சத்தம் கேட்டா வெந்துடுச்சின்னு எனக்கு இவ்ளோ நாளாத் தெரியும்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அந்த ‘டக்’ இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

நான்காவதாக எழுதிய ‘கிளிக்ஸ்பிரிங்’ பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொன்னால் மன்னிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கிறிஸ் என்பவர் பித்தளையும் அரமுமாக உட்கார்ந்து, 1901-ல் கிரேக்கக் கடலடியிலிருந்து எடுத்த ஆன்டிகிதீரா என்ற பழங்கால எந்திரத்தை, அந்தக் காலத்துக் கருவிகளையும் தானே செய்துகொண்டு, திரும்பச் செய்கிறார். அவசரமே கிடையாது. ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. செய்யும்போது, உடைந்த நாட்காட்டி வளையத்தில் இருக்கும் துளைகளை அளந்து பார்த்து, முழு வளையத்தில் 365 துளை இருந்திருக்காது, 354 இருந்திருக்க வேண்டும் என்று 2020-ல் கூட்டாளிகளோடு கட்டுரை எழுதினார். 354 என்றால் சந்திர ஆண்டு; பஞ்சாங்கம் பார்க்கிற எங்கள் ஐயருக்கு எண்ணைச் சொன்னதுமே புரிந்துவிட்டது. 2024-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஈர்ப்பலை ஆராய்ச்சி செய்கிறவர்கள், தங்கள் புள்ளியியல் முறையைக் கொண்டுவந்து அந்தத் துளைகளின் மேல் போட்டு, 354 அல்லது 355 என்று உறுதி செய்தார்கள். பட்டறையில் அரம் பிடித்த ஒருவர் எண்ணியதைச் சரிபார்க்கக் கருந்துளை ஆட்கள் வந்தார்கள். இதை நான் குழுவில் எழுதியபோது மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. அதே நாள் இரவு என் கைப்பேசி எனக்கு ஒரு பரிந்துரை செய்தது: தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாத மர்மம். சாயங்காலம் போய் அந்த நிழலில் உட்கார்ந்து கடலை தின்றவன் நான்.

கிளிக்ஸ்பிரிங் பார்த்தவனுக்கு எந்தக் கணக்கில் கைப்பேசி இதைக் காட்டியது? பழைய காலம், உலோகம், அதிசயம் என்று எடை போட்டிருக்கும். எங்கள் கிளை நூலகர் அப்படிச் செய்யமாட்டார். போன வாரம் கொடுத்ததைப் படித்தாயா என்று கேட்டு, ஒரு பக்கத்தைச் சொல்லச் சொல்லி, நான் திருதிருவென்று விழித்தால் அடுத்ததைத் தரமாட்டார்.

தமிழில் இல்லையா என்று தங்கச்சி மகள் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு. இருக்கிறது. பிரேமானந்தின் ‘எல்எம்இஎஸ்’ சானல் பாடப் புத்தகத்தை உடைத்துப் புரியவைக்கிறது. ‘மிஸ்டர் ஜிகே’ வானம், அணு, உடம்பு என்று பரந்து பேசுகிறார். அரவிந்த் குப்தாவின் குப்பையிலிருந்து பொம்மை செய்யும் காணொளிகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஐஐடிகளும் பெங்களூர் அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் இருக்கிறது. முழு ஹைட்ராலிக்ஸ் பாடமும் காசில்லாமல். அதில் பலகைக்கு முன்னால் நின்ற பேராசிரியரைப் பார்த்ததும் எனக்குத் திண்ணையும் ஆடுகளும் ஞாபகத்துக்கு வந்தன. இப்போது கேமராவைப் பார்க்க அவ்வளவாக வெட்கப்படுவதில்லை.

ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடக்கிற விஷயங்களுக்கு ஆழமான சானல் கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. அக்கா மகன் ஒருநாள் ஜெர்மனியின் பேகர் 288 பற்றிய காணொளியை அனுப்பி, “செம மெஷின் மாமா, 13,500 டன்னு” என்று வியந்தான். சக்கரத்தில் வாளி வாளியாகக் கோத்து மலையைச் சுரண்டும் எந்திரம். அதன் சாதிசனம் நெய்வேலியில் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே மண் அள்ளிக்கொண்டிருக்கிறது. கடலூர் பேருந்தில் மந்தாரக்குப்பம் வரும்போது, அது அள்ளிக் கொட்டிய மண்மேட்டைப் பார்த்துத்தான் “மாமா, மலை!” என்று சின்ன வயதில் கத்தினான். அங்கே எந்திரத்தைவிட விசித்திரமானது தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம். நிறுத்தினால் தரையே பொத்துக்கொண்டு மேலே வரும். இதற்கு ஒரு டெக்சாஸ்காரர் கண்ணாடித் தொட்டி வைத்துக் காட்டியிருந்தால் இதற்குள் உலகமே பார்த்திருக்கும். ஆற்றைத் தாண்டினால் அரியலூர். பூமியில் டைனோசர்கள் இருந்த காலத்தில் கடலாக இருந்த இடம். சுருண்ட ஓட்டுப் பிராணிகளின் கல் அச்சுகள் ஓடைகளில் கிடைக்கின்றன. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் படுத்துக்கிடக்கிறது. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. அங்கே போகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்து, முப்பது விநாடியில் முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு கோடி ஆண்டு பொறுத்த மரம், அதையும் பொறுத்துக்கொள்ளும்.

ஆழம் தமிழில் வேறு எங்கோ இருக்கிறது என்று மோட்டார் பட்டறையில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு நீர்மூழ்கி மோட்டார் எரிந்து, தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. முகம் தெரியவில்லை, இரண்டு கைகள் மட்டும். இசை இல்லை, பின்னால் யாரோ அரைக்கிற சத்தம். ஸ்டேட்டரில் எத்தனை ஸ்லாட், எந்த கேஜ் கம்பி, காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த ஸ்லாட்டில் ஏறி எதில் இறங்க வேண்டும், தண்ணீர் நிரப்பி ஓட்டுகிற மோட்டாருக்கு வார்னிஷ் கம்பி ஆகாது, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிதான் வேண்டும், உறை எங்கேயாவது உரசினால் என்ன ஆகும், எல்லாவற்றையும் அந்தக் கைகள் ஒன்றுவிடாமல் செய்து காட்டின. நடுவில் சுற்று ஒன்று தப்பிப்போய், பிரித்துவிட்டு மறுபடி கட்டினார். அதை வெட்டி எடுக்கக்கூட இல்லை. காணொளியின் நீளத்தைப் பார்த்தேன்; ஒரு சினிமாவின் இடைவேளைவரை வரும்.

“முழுசாவா பாப்பீங்க?” என்றேன்.

“பாதிய வுட்டா மோட்டார் ஓடாதேண்ணே.”

கீழே கருத்துகளைப் பார்த்தேன். ஒரு கும்பிடு கிடையாது. ஒருவர் கம்பியின் கேஜ் தப்பு என்கிறார். இன்னொருவர் தேனியிலிருந்து, ஐந்து ஹெச்.பி.க்கு இதே சுற்று போதுமா என்கிறார். கைகளுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியிருக்கிறார், சில இடங்களில் தன் நம்பரோடு. பேரேட்டுத் தாளில் இதையும் சேர்த்துவிட்டுக் குழுவில் மறுபடி போட்டேன். அக்கா மகன் சிரிக்கும் பொம்மை அனுப்பினான். சித்தப்பா முதன்முறையாக ஒரு காணொளியை முழுக்கப் பார்த்துவிட்டு, “இது ஆளு” என்று எழுதினார்.

இந்தப் பொங்கலுக்கு அக்கா மகன் ஊருக்கு வந்தான். வெலிங்டன் ஏரிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். “சும்மா சானல் சானல்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, நீங்களே பேசுங்க மாமா” என்று கைப்பேசியை நீட்டினான். பேசினேன். களிமண் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும், கரைக்கு அடியில் நீர் எப்படி நடக்கும், தொழுதூரிலிருந்து கால்வாய் எப்படி வருகிறது என்று காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு சொன்னேன். அவன் அதை வெட்டாமல் கொள்ளாமல் யூடியூபில் ஏற்றிவிட்டான்.

முதல் கருத்து: “ஐயா பேசறதக் கொறச்சிட்டு தண்ணியக் காட்டுங்க.” இரண்டாவது சித்தப்பா: “கடைமடைக்கு வந்து பேசச் சொல்லு.” மூன்றாவது பெண்ணாடத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பையன்: “அண்ணா நல்லா வெளக்கமா சொல்றீங்க. எங்க கெணத்துக்கு மோட்டார் வாங்கணும். எந்த கம்பெனி நல்லதுன்னு ஒண்ணு சொல்லுங்க.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பிறகு, கேள்வியைப் பட்டறைத் தம்பிக்குத் தள்ளிவிட்டேன். உடனே கூப்பிட்டார்.

“நாம் பாட்டுக்கு ஒரு பேரச் சொல்லிட்டா, நாளைக்கு எரிஞ்சா எங்கடையிலதாண்ணே வந்து நிப்பான். மொதல்ல கெணறு எவ்ளோ ஆழம்னு கேளுங்க.”

கேட்டு எழுதியிருக்கிறேன்.